கப்புக்குள் மாட்டிய டிஸ்க்

சித்திரை, வைகாசியில் மத்தியானம் தாண்டியதும் சென்னைக்காரர்கள் கடற்காற்றுக்குக் காத்திருப்பார்கள். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் அல்டிமேட் ஃப்ரிஸ்பீ ஆடுகிறவர்களுக்கும் அந்தக் காற்று வேண்டும்தான். ஆனால் அது வந்துவிட்டால் ஆட்டமே வேறாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதுவரை சொன்ன பேச்சு கேட்டுப் பறந்த டிஸ்க் திடீரென்று மேலே ஏறும். கைக்கு வரும் நேரத்தில் பக்கவாட்டில் சரியும். எளிய வீச்சுகூட மணலில் விழும். எதிரணி அதைக் கவனித்துவிட்டால், ஆளுக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை அந்த நிமிடமே நிறுத்திவிடும். மூன்று பேர் டிஸ்க்கைச் சுற்றி அரண் கட்டுவார்கள். மற்றவர்கள் பின்னால் ஆளுக்கொரு நிலப்பரப்பைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்பார்கள். இதற்கு ஸோன் என்று பெயர். அதை உடைப்பது இந்த ஆட்டத்தின் மிகக் கடினமான பாடங்களில் ஒன்று.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில வரிகள். புல்தரையில் அணிக்கு ஏழு பேர். மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரு முனைகளிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு ஓர் எல்லைப் பகுதி உண்டு. அதற்குள் நிற்கும் தன் அணிக்காரரிடம் டிஸ்க்கைச் சேர்த்தால் ஒரு புள்ளி. டிஸ்க்கின் எடை 175 கிராம். கையில் வைத்திருப்பவர் ஓடக் கூடாது. ஒரு காலை ஊன்றி, மறு காலை மட்டும் நகர்த்தி வீச வேண்டும். எதிரே நிற்கும் தடுப்பாளர், அதாவது மார்க்கர், ‘ஸ்டாலிங்’ என்று தொடங்கி ஒன்றிலிருந்து பத்து வரை விநாடிக்கு ஓர் எண்ணாகச் சத்தமாக எண்ணுவார். பத்து என்று வாயெடுப்பதற்குள் டிஸ்க் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். கீழே விழுந்தாலும், எதிரி தட்டிவிட்டாலும், கோட்டுக்கு வெளியே போனாலும் டிஸ்க் மறு அணிக்கு. நடுவர் கிடையாது; தவறுகளை ஆடுகிறவர்களே சொல்லி, ஆடுகிறவர்களே தீர்த்துக்கொள்கிறார்கள்.

1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மேப்பிள்வுட் ஊரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ஆட்டம் இது. அவர்களில் ஒருவரான ஜோயல் சில்வர் பிற்காலத்தில் ‘டை ஹார்ட்’, ‘மேட்ரிக்ஸ்’ படங்களைத் தயாரித்தார். 1972 நவம்பர் 6-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் மோதிய முதல் கல்லூரிப் போட்டியில் ரட்கர்ஸ் 29-27 என்று வென்றது. உலகக் கூட்டமைப்பு 1985-இல் உருவாயிற்று. இந்தியாவில் இந்த ஆட்டம் வேர் பிடித்த ஊர்களில் சென்னை முக்கியமானது. சென்னை அணி ஒன்றைப் பற்றிய ‘175 கிராம்ஸ்’ என்ற குறும்படம் 2015-இல் சன்டான்ஸ் விழா வரை போனது.

இனி ஸோன். அரண் கட்டும் மூவரைக் ‘கப்’ என்பார்கள். ஒருவர் மார்க்கர், வீசுகிறவருக்கு முன்னால், ஒரு பக்கத்தை அடைத்து நின்று எண்ணுவார். மற்ற இருவரும் அவரைவிட விலகி, ஒருவர் நடுவிலும் இன்னொருவர் திறந்த பக்கத்திலுமாக நிற்பார்கள். அந்த விலகலுக்கு ஒரு விதி காரணம். மார்க்கரைத் தவிர வேறு தடுப்பாளர் எவரும், அருகே வேறொரு தாக்குதல் ஆட்டக்காரரைக் காவல் காக்காத பட்சத்தில், வீசுகிறவரிடமிருந்து மூன்று மீட்டருக்குள் நிற்கக் கூடாது. நின்றால் வீசுகிறவர் ‘டபுள் டீம்’ என்று குரல் கொடுக்கலாம். மார்க்கர் தன் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு தொடர வேண்டும். ஆகவே வீசுகிறவர் கண்ணில் படுவது, அருகே மார்க்கரின் இரண்டு கைகளும், மூன்று மீட்டர் தள்ளி விரிந்து நிற்கும் நான்கு கைகளும். கப்புக்குப் பின்னால் இருபுறமும் இரண்டு விங், நடுவில் ஒருவர், கடைசியில் தொலைவைக் காக்கும் டீப். ஆக ஏழு பேர்.

கபடியில் ஏழு தடுப்பாளர்களும் கைகோத்து நிற்கும்போது ஏறிப் போகிறவர் என்ன செய்கிறார்? நேரே நடுவில் பாய்வதில்லை. இடது மூலைக்குப் போவார், வலது மூலைக்கு வருவார், மறுபடி இடது. அவர் போகும் பக்கமெல்லாம் சங்கிலி இழுபடும். எங்கோ ஓரிடத்தில் ஒருவர் அரை அடி தாமதிப்பார். ஏறிப் போனவர் காத்திருந்தது அந்த அரை அடிக்குத்தான். ஸோனை உடைப்பதும் இதே வேலைதான். ஏறிப் போவது மட்டும் ஆளில்லை, டிஸ்க்.

முதலில் ஸோன் அணியின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். அவர்களுக்கு டிஸ்க்கைப் பறிக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் எதிராளியை நிறைய வீச வைத்தால் போதும். நூற்றுக்கு 95 வீச்சு சரியாகப் போகும் அணி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடர்ந்து பத்து வீச்சும் பிசகாமல் போக அந்த அணிக்குள்ள வாய்ப்பு நூற்றுக்கு 60; இருபது வீச்சு என்றால் வெறும் 36. அதே அணி 98-க்கு உயர்ந்தால் இருபது வீச்சுக்கான வாய்ப்பு 67 ஆகிறது, 99-க்கு உயர்ந்தால் 82. ஸோன் பந்தயம் கட்டுவது இந்த இறங்குமுகத்தின் மேல்தான். ‘எங்காவது ஒன்று தவறும், காத்திருப்போம்’ என்பதுதான் அதன் நம்பிக்கை.

காற்று அந்த நம்பிக்கைக்குத் துணை. டிஸ்க்கைச் சாயாமல் வைத்திருப்பது அதன் சுழற்சி; தாங்கிப் பிடிப்பது அதன் மேலும் கீழும் ஓடும் காற்று. எதிர்காற்றில் அந்தத் தாங்கல் கூடிவிடுகிறது. முன்விளிம்பு கொஞ்சம் நிமிர்ந்திருந்தாலும் டிஸ்க் ஏறி, அந்தரத்தில் நின்று, யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும்படி மிதக்கும். பின்காற்றில் தாங்கல் குறைந்து, எண்ணிய இடத்துக்கு முன்பே தரை தட்டும். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் அணிகள் திசை மாறுவதால் இருவருக்கும் இரண்டும் வரும். ஆனால் காற்றை எதிர்த்து எடுத்த ஒரு புள்ளி, பலமான காற்று நாளில் ஆட்டத்தையே தீர்மானித்துவிடுவதுண்டு.

இதற்கு எதிராகத் தாக்கும் அணி வழக்கமாக இப்படிப் பரவுகிறது: டிஸ்க்கை ஒட்டிப் பின்னால் மூன்று ஹேண்ட்லர்கள்; கப்புக்கும் அதன் பின்னாலுள்ள தடுப்பாளர்களுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் இரண்டு பாப்பர்கள்; இரு பக்கக் கோடுகளை ஒட்டி, முன்னே இருவர். இந்த ஏழு பேரில் பார்வையாளர் கண்ணில் அதிகம் படுவது நீளமாக வீசுகிறவரும், பாய்ந்து பிடிக்கிறவரும். ஆனால் ஸோனை உண்மையில் கலைப்பது, எவரும் கைதட்டாத பக்கவாட்டு வீச்சுகள்.

ஆட்டக்காரர்கள் இதை ‘ஸ்விங்’ என்கிறார்கள். இடது ஓரத்து ஹேண்ட்லர் நடு ஹேண்ட்லருக்குப் பின்னோக்கிக் கொடுப்பார், நடு ஹேண்ட்லர் வலது ஓரத்தவருக்கு. இரண்டே வீச்சில் டிஸ்க் மைதானத்தின் அகலத்தைக் கடந்துவிடும். கப்பின் மூவரும் அந்தத் தூரத்தைக் கால்களால் ஓடிக் கடக்க வேண்டும். ஓடினால் மட்டும் போதாது, போய்ச் சேர்ந்து மறுபடி வடிவமும் கட்ட வேண்டும். டிஸ்க்குக்குக் களைப்பில்லை, மூவருக்கும் உண்டு. ஸ்விங்கில் சில மீட்டர் பின்னால் போனாலும் நஷ்டமில்லை. புதிதாகப் பிடித்தவருக்கு எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. வலது ஓரத்தவர் நின்ற இடத்தில் பிடிக்காமல் முன்னோக்கி ஓடியபடியே பிடித்தால், போன மீட்டர்களில் பாதி திரும்பக் கிடைத்துவிடும்.

இங்கேதான் புதிய அணிகள் தடுக்கி விழுகின்றன. ஸ்விங்கைப் பிடித்த ஹேண்ட்லர் நிதானமாக நிமிர்ந்து, சுற்றிப் பார்த்து, ‘இப்போது யாருக்குக் கொடுக்கலாம்’ என்று யோசிப்பார். அந்த மூன்று விநாடியில் கப் வந்து நின்றுவிடும். பத்து முறை ஸ்விங் செய்தாலும், பத்து முறையும் கப் வந்து சேரக் காத்திருந்தால், அது மூவருக்கு நல்ல உடற்பயிற்சி, அவ்வளவுதான். பிடிக்கும் முன்பே பக்கக் கோட்டை ஒட்டிய முன்வழியைப் பார்த்திருக்க வேண்டும். அது திறந்திருந்தால் உடனே வீச்சு. இல்லையென்றால் உடனே திரும்ப நடுவுக்கு. 2012-இல் ஜப்பானின் சகாய் நகரில் நடந்த உலகப் போட்டியில் பட்டம் வென்ற ஜப்பான் பெண்கள் அணி இந்த வேகத்துக்குப் பேர்போனது. குறுகிய வீச்சு, பிடித்தவுடன் வீச்சு, வீசியவுடன் ஓட்டம். உயரத்தால் வெல்ல முடியாத இடத்தை அந்த அணியின் ஆட்டம் தாளத்தால் வென்றது.

ஸ்விங்கின் ஆபத்தும் அதே ஓரத்தில்தான் இருக்கிறது. பக்கக் கோடு எட்டாவது தடுப்பாளர் மாதிரி. அதைத் தாண்டி வீச இடமில்லை. நல்ல ஸோன் அணி வேண்டுமென்றே டிஸ்க்கை அங்கே போகவிட்டு, பின்வழியை மார்க்கரால் அடைத்து, மூலையில் முடக்கும். இதில் மாட்டியவர் எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கை ஏறும்வரை முன்னால் பார்த்துக்கொண்டே நின்று, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வீசுவது அடிக்கடி நடக்கும் விபத்து. நான்கு, ஐந்து எனும்போதே திரும்பிப் பின்னால் இருக்கும் ஹேண்ட்லரைத் தேட வேண்டும். அந்த ஹேண்ட்லரும் சிலையாக நிற்கக் கூடாது. மார்க்கரின் கை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அதற்கு மறுபக்கமாக நகர வேண்டும். இந்தப் பின்வீச்சைக் கோழைத்தனமாக நினைக்கும் இளைஞர்கள் உண்டு. ஸோனுக்கு எதிரே இதைவிடத் துணிச்சலான முடிவு குறைவு.

கப்பின் மூவரும் ஓடிக்கொண்டிருக்கும்போது இடையே ஒரு கதவு திறக்கும். இரண்டு மீட்டர் அகலம் இருக்கலாம். அரை விநாடி திறந்திருக்கலாம். அதைப் பயன்படுத்துவது பாப்பரின் வேலை. என்னைக் கேட்டால் மைதானத்தில் மிக நுட்பமான வேலை இதுதான். கப் தடுப்பாளரின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் பாப்பரை வீசுகிறவரால் பார்க்கவே முடியாது. இரண்டு தடுப்பாளர்களுக்கு இடைப்பட்ட இடைவெளியில், வீசுகிறவரின் கண் நேராகத் தெரியும்படி நிற்க வேண்டும். ஆனால் முன்கூட்டியே அங்கே போய் நின்றுவிட்டால் தடுப்பாளரும் பார்த்துவிடுவார். ஆகவே நடந்துகொண்டே இருந்து, கதவு திறக்கும் நேரத்தில் இரண்டடி எடுத்து வைத்து அதில் தோன்ற வேண்டும். இந்த இரண்டடியைச் சரியான நேரத்தில் எடுத்து வைக்கத் தெரிந்தவர் ஓட்டத்தில் மெதுவானவராக இருந்தாலும் ஸோனுக்கு எதிரே அணியின் சொத்து.

வீசுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. கப்பில் உள்ளவர்கள் பார்ப்பது அவர் தோளையும் கண்ணையும். உயரே வீசுவது போல் கையைத் தூக்கினால் மூவரின் கைகளும் மேலே எழும்; அந்த நேரத்தில் முழங்கால் உயரத்தில் அவர்கள் கால்களுக்கு அருகே காலி. இடப்பக்கம் வீசப்போவது போல் தோளைத் திருப்பினால் நடு ஆள் ஓரடி அங்கே சாய்வார்; வலப்பக்கக் கதவு அகலும். பொய் வீச்சு நம்பும்படியாக இருக்க வேண்டும். உண்மையிலேயே அங்கே ஆள் இருந்தால்தான் நம்புவார்கள். ஆகவே பாப்பர் இருவரில் ஒருவர் டிஸ்க் வராது என்று தெரிந்தும் கதவருகே போய் நிற்க வேண்டியிருக்கும்.

கப்புக்கு மேலேயும் வழி உண்டு. தலைக்கு மேலிருந்து டிஸ்க்கைத் தலைகீழாக வீசும் ‘ஹேமர்’ பார்க்க அழகான வீச்சு. ஸோன் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது, எதிர் மூலையில் தனியாக நிற்பவருக்கு அது போய்ச் சேர்ந்தால் ஒரே வீச்சில் ஸோன் பொடி. ஆனால் எந்தக் காற்றை நம்பி எதிரணி ஸோன் போட்டதோ, அதே காற்றில் நீண்ட நேரம் மிதக்கப்போவதும் இந்த வீச்சுதான். மூன்று ஸ்விங்குக்குப் பொறுமை இல்லாமல் எடுத்த எடுப்பில் ஹேமருக்குப் போகும் அணி, ஸோன் அணி எதிர்பார்த்ததையே செய்துகொடுக்கிறது. பின்னாலுள்ள தடுப்பாளர்கள் முன்னேறி வந்து நெருக்கும்போது, அவர்களைத் தயங்க வைப்பதற்காக ஆட்டத்துக்கு ஓரிரு முறை எடுக்க வேண்டிய ஆயுதம் அது.

இன்னொரு வழி கப்புக்குள்ளேயே நுழைவது. ஹேண்ட்லர் ஒருவர் பக்கத்திலிருந்து வேகமாகக் கப்புக்குள் ஓடுவார். வீசுகிறவர் அவர் கையில் சின்ன வீச்சாக வைப்பார். அவர் ஓடிய வேகம் குறையாமல் உடனே முன்னால் பாப்பருக்கோ கோட்டை ஒட்டி நிற்பவருக்கோ தள்ளிவிடுவார். ஆட்டக்காரர்கள் இதை ‘க்ராஷ்’ என்பார்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. மூன்று மீட்டர் விதி, அருகே வேறு எவரையும் காவல் காக்காத தடுப்பாளருக்குத்தான். தாக்குதல்காரர் ஒருவர் உள்ளே வந்துவிட்டால், அவரைக் காக்கும் சாக்கில் தடுப்பாளரும் சட்டப்படியே நெருங்கி வரலாம். ஓடி வந்தவர் உள்ளே தங்கிவிட்டால் நெரிசல்தான் மிச்சம். கிடைத்தால் பிடிக்க வேண்டும், கிடைக்காவிட்டால் மறுபக்கம் வெளியேறிவிட வேண்டும்.

சரி, டிஸ்க் கப்பைத் தாண்டிவிட்டது. பாப்பர் கையில் இருக்கிறது. கூட்டம் ஆரவாரிக்கிறது. ஸோனை உடைத்தாயிற்று என்று பல அணிகள் மூச்சு விடும் இந்த இடத்தில்தான் உண்மையான தாக்குதல் தொடங்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். கப்பின் மூவரும் இப்போது டிஸ்க்குக்குப் பின்னால். முன்னால் தடுக்க மிச்சம் நான்கு பேர். தாக்குவோர் பக்கம் பாப்பர் இருவர், கோட்டை ஒட்டிய இருவர், அவர்களும் நான்குதான். சமம் போலத் தெரிகிறது. ஆனால் டிஸ்க் வைத்திருக்கும் பாப்பருக்கு எதிரே இன்னும் மார்க்கர் இல்லை. நடுத் தடுப்பாளர் அவரை மறிக்க வந்தால், மீதி மூவர் 37 மீட்டர் அகலத்தைக் காக்க வேண்டும். பின்னாலிருந்து ஹேண்ட்லர்களும் ஓடிவந்து சேர்ந்தால் தாக்குவோர் கை ஓங்கிவிடும். இந்தச் சாதகம் கப் திரும்பி ஓடிவந்து சேரும்வரை, இரண்டு மூன்று விநாடி. அதற்குள் அடுத்த வீச்சு, அதற்கடுத்த வீச்சு. இரு பக்கக் கோடுகளில் நிற்பவர்கள் ஒருவர் நெருங்கி வர, மற்றவர் தொலைவுக்கு ஓட வேண்டும்; டீப் ஒருவர்தானே, இருவரையும் பார்க்க முடியாது. இதைச் செய்யாமல், பிடித்த பாப்பர் பத்திரமாக ஹேண்ட்லருக்கே திருப்பிக் கொடுத்தால், கப் மறுபடி கட்டிவிடும். மேலே சொன்ன கணக்கில் அதுவரை செலவான வீச்சுகளெல்லாம் வீண். பொறுமையாக ஆடக் கற்றுத்தரும் பயிற்சியாளர்கள், எந்த இடத்தில் பொறுமையைக் கைவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றுத்தர வேண்டும்.

எல்லைப் பகுதியை நெருங்க நெருங்க ஸோன் கெட்டியாகும் என்பதும் இந்த அவசரத்துக்குக் காரணம். டீப் காக்க வேண்டிய தொலைவு சுருங்கிவிடும். அவரும் முன்னே வந்து இடைவெளியை அடைப்பார். நடு மைதானத்தில் உடைத்த வேகத்திலேயே உள்ளே போய்விடுவது நல்லது. கோட்டுக்குப் பத்து மீட்டர் முன்னால் நின்றுவிட்டால் வேலை இரட்டிப்பு.

எதிரணி போட்டிருப்பது ஸோன்தானா என்று அறியவும் கண் வேண்டும். சில அணிகள் முதல் சில வீச்சுகளுக்கு ஸோன் போட்டு, பிறகு சத்தமின்றி ஆளுக்கு ஆள் என்று மாறிவிடும். ஒரு பாப்பர் மைதானத்தின் குறுக்கே ஓடிப் பார்த்தால் தெரிந்துவிடும். அருகிலிருந்தவர் கூடவே ஓடிவந்தால் ஆளுக்கு ஆள். பாதியில் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு நின்றால் ஸோன். பார்த்தவர் உரக்கச் சொல்ல வேண்டும்.

புயல் மாதிரிக் காற்றடிக்கும் நாளில் இத்தனை நுட்பமும் எடுபடாமல் போகலாம். அப்போது சில அணிகள் வேண்டுமென்றே டிஸ்க்கை எதிரணியின் முனைக்கு நீளமாக வீசிவிட்டு, தாங்களே ஸோன் போட்டு அங்கே அவர்களை முடக்கப் பார்க்கும். தன் எல்லைக்கு அருகே தவறவிடுவதைவிட அது மேல் என்பது சரியான கணக்கு. ஆனால் மிதமான காற்றிலும் இதையே செய்யும் அணிக்கு ஸ்விங் கை வராமலே போய்விடும்.

மணலில் நடக்கும் ஆட்டம் அணிக்கு ஐந்து பேரோடு, 75 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட சின்ன மைதானத்தில் ஆடப்படுகிறது. மூவரைக் கப்பில் வைத்தால் பின்னால் இருவர்தான் மிச்சம் என்பதால், இருவரை மட்டும் முன்னே விடும் அணிகளும் உண்டு. மணல் காலை இழுக்கும், டிஸ்க்கை இழுக்காது. ஆகவே கடற்கரையில் ஸ்விங்குக்கு இன்னும் மதிப்பு அதிகம்.

இதையெல்லாம் பழக ஓர் எளிய பயிற்சி போதும். சதுரத்தின் நான்கு மூலையில் நான்கு பேர், நடுவில் கப்பாக மூவர். நால்வரும் டிஸ்க்கைச் சுற்றிலும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கப் இடம் பிடிப்பதற்குள் வீசிவிட வேண்டும். கதவு திறந்தால் நடுவே வீசலாம். இருபது வீச்சு என்பது இலக்கு. பதினெட்டாவதில் டிஸ்க் மணலில் விழுந்தால், எடுத்துத் தட்டிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.